திறந்த தரவைப் படிக்கக் கற்றல்

பொருளும் எல்லையும்

அரசுகளும் ஆய்வு நிறுவனங்களும் பொதுப்பணத்தில் திரட்டிய எண்களும் பட்டியல்களும் வரைபடங்களும் கடந்த இருபது ஆண்டுகளில் பெருமளவில் இணையத்துக்கு வந்துள்ளன. அவற்றைக் கையாளக் கற்பிக்கும் கையேடுகளும் பாடத்திட்டங்களும் பயிற்சித் தளங்களும் அதே காலத்தில், பெரும்பாலும் கட்டணமின்றியே, பெருகியுள்ளன. ஆயினும் வெளியிடப்பட்ட தரவு முழுவதும் பயன்படுத்தப்படுவதில்லை. பயன்படுத்தப்பட்டதும் எப்போதும் சரியாகப் படிக்கப்படுவதில்லை. திறந்த தரவையும் அதன் பயன்களையும் கற்பதற்குரிய இணையவழி வளங்கள் எவற்றைச் செம்மையாகக் கற்பிக்கின்றன, எவற்றைக் கற்பவரின் பொறுப்பிலேயே விட்டுவிடுகின்றன என்பதை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம். தரவைக் கையாளும் கருவிகளைச் சில வாரங்களில் பழகிவிடலாம் என்பதும், ஓர் எண் யாரால், எதற்காக, எந்த வரையறையின்படி எண்ணப்பட்டது என்று கேட்டறியும் பழக்கமே தரவுக் கல்வியின் அடித்தளம் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறந்த தரவின் இலக்கணம்

யார் வேண்டுமானாலும், எந்த நோக்கத்துக்காகவும், எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் பிறரோடு பகிரவும் உரிமையுள்ள தரவே திறந்த தரவு எனப்படும். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றியமைத்த வடிவத்தையும் அதே உரிமைகளோடு வெளியிட வேண்டும் என்னும் இரண்டுக்கு மேல் கடும் நிபந்தனை எதுவும் அதற்கு இருத்தலாகாது. 2004ஆம் ஆண்டு ரூபஸ் பொல்லாக் இங்கிலாந்தில் நிறுவிய ஓப்பன் நாலெட்ஜ் பவுண்டேஷன் வகுத்த இந்த வரையறையின்படி, ‘வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை’ என்ற ஒரு வரி உரிமத்தில் இருந்தாலே அத்தரவு திறந்த தரவு என்ற தகுதியை இழக்கிறது. உரிமம் என்பது தரவை வெளியிடுபவர் பயன்படுத்துவோருக்கு எழுத்தில் அளிக்கும் அனுமதி. அத்தகைய அனுமதி எதுவும் இல்லாமல் இணையத்தில் வெறுமனே கிடக்கும் கோப்பு, பார்வைக்குக் கிடைத்தாலும் சட்டப்படி திறந்ததாகாது.

சட்டத் திறப்போடு வடிவத் திறப்பும் வேண்டும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010இல் முன்வைத்த ஐந்து விண்மீன் அளவுகோல் இதற்குப் பரவலாக வழங்கும் படிநிலை ஆகும். திறந்த உரிமத்தோடு எந்த வடிவில் வெளியிட்டாலும் ஒரு விண்மீன்; கணினி பிரித்தறியக்கூடிய அட்டவணையாக இருந்தால் இரண்டு; தனியொரு நிறுவனத்தின் மென்பொருளைச் சாராத சி.எஸ்.வி. போன்ற எளிய வடிவில் இருந்தால் மூன்று. ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான இணைய முகவரி இருந்தால் நான்கு. அம்முகவரிகள் பிற தரவுத் தொகுப்புகளோடு இணைக்கப்பட்டிருந்தால் ஐந்து.

வடிவத்தின் முக்கியத்துவத்தைக் கொரோனாக் காலம் தமிழ்நாட்டிலேயே தெளிவாகக் காட்டியது. மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை நாள்தோறும் வெளியிட்ட செய்திக்குறிப்பில் மாவட்டவாரியான தொற்று எண்ணிக்கையோடு, இறந்தவர் ஒவ்வொருவரின் வயது, பாலினம், இணைநோய், மருத்துவமனையில் சேர்ந்த நாள் ஆகியவையும், பெயர் தவிர்த்து, இடம்பெற்றிருந்தன. உள்ளடக்கத்தில் இத்தனை விரிவாக இருந்த அக்குறிப்பு பி.டி.எப். கோப்பாகவே வந்ததால், ஒரு மாதத்தின் போக்கை அறிய விரும்பியவர் முப்பது கோப்புகளைத் திறந்து எண்களைத் தாமே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பல மாநிலங்களின் இத்தகைய குறிப்புகளைத் திரட்டி, ஒரே அட்டவணையாக்கி, திறந்த உரிமத்தில் வெளியிட்ட பணியை 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை செய்துமுடித்தவர்கள் ‘கோவிட்19இந்தியா’ என்ற தளத்தின் தன்னார்வலர்களே ஆவர். நாட்டின் செய்தித்தாள்கள் பலவும் ஆய்வாளர்கள் பலரும் அவர்களுடைய அட்டவணையைச் சார்ந்தே எழுதினர்.

வளர்ந்த வரலாறு

2007 டிசம்பரில் அமெரிக்காவின் செபாஸ்டபோல் நகரில் கூடிய ஆர்வலர்கள், அரசுத் தரவு முழுமையாகவும் மூல வடிவிலும் காலந்தாழ்த்தாமலும் கணினி படிக்கத்தக்கதாகவும் வெளியிடப்பட வேண்டும் என்பது உள்ளிட்ட எட்டு நெறிகளை வகுத்தனர். 2009இல் அமெரிக்க அரசும், 2010 ஜனவரியில் பிரிட்டன் அரசும் தேசியத் தரவுத் தளங்களைத் தொடங்கின. 2010 ஏப்ரலில் உலக வங்கி, அதுவரை கட்டணத்துக்கு வழங்கிவந்த வளர்ச்சிக் குறியீடுகளை இலவசமாகத் திறந்துவிட்டது.

இந்தியாவில் இதற்கு முன்பே சட்ட அடித்தளம் ஒன்று இருந்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்பதற்கு முன்னரே அரசு அலுவலகங்கள் தம் செயல்பாடு பற்றிய தகவல்களைத் தாமாக முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது. 2012இல் வந்த தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை அதை எண்வடிவத் தரவுக்கு விரித்தது. அவ்வாண்டிலேயே தேசியத் தரவுத் தளமும் தொடங்கப்பட்டது. 2017இல் அறிவிக்கப்பட்ட அரசுத் திறந்த தரவு உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை எழுத்தில் தந்தது.

பயன்கள்

டென்மார்க் அரசு 2002ஆம் ஆண்டு, நாட்டின் கட்டட முகவரிகள் அனைத்தையும் அவற்றின் அமைவிடக் குறிப்புகளோடு கட்டணமின்றித் திறக்க முடிவு செய்தது. 2005 முதல் 2009 வரை ஐந்தாண்டுகளில் அதனால் விளைந்த நேரடிப் பொருளாதார நன்மை ஏறத்தாழ 6.2 கோடி யூரோ என்றும், அதற்கான செலவு ஏறத்தாழ 20 லட்சம் யூரோ என்றும் அந்நாட்டு அரசுத் துறையின் மதிப்பீடு கூறியது. அவசர ஊர்திக்கும் அஞ்சலுக்கும் வரிவிதிப்புக்கும் ஒரே முகவரிப் பட்டியல் பயன்பட்டதால், ஒவ்வொரு துறையும் தனித்தனியே பட்டியல் வைத்துத் திருத்தும் வேலை குறைந்தது.

இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை, ஒவ்வொரு மருத்துவ நிலையமும் எந்த மருந்தை எவ்வளவு பரிந்துரைத்தது என்ற பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2012இல் அதை ஆராய்ந்த குழு ஒன்று, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்துகளில் காப்புரிமை பெற்ற விலையுயர்ந்தவற்றுக்குப் பதிலாகப் பொதுப்பெயர் மருந்துகளை எழுதினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்கிட்டது. நோயாளியின் பெயரோ நோய்க்குறிப்போ அப்பட்டியலில் இல்லை. நிலையம், மருந்து, அளவு, விலை ஆகிய நான்கு செய்திகளே அக்கணக்குக்குப் போதுமானவையாக இருந்தன.

தரவு மேலிருந்து வழங்கப்படுவதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், உலகின் சாலைகளையும் கட்டடங்களையும் தன்னார்வலர்கள் வரைந்து சேர்க்கும் திறந்த வரைபடம். 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, பயன்படத்தக்க விரிவான வரைபடம் இல்லாத நிலையில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களில் நகரின் தெருக்களை வரைந்து முடித்தனர். மீட்புக் குழுக்கள் அதையே கையில் கொண்டு இயங்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்துக் காட்டிய இணைய வரைபடமும் இதே தரவின்மேல் எழுந்ததே.

கற்கும் வளங்கள்

இத்துறையில் கிடைக்கும் வளங்களை மூன்று வகையாகப் பகுக்கலாம். முதல் வகை, அடிப்படைக் கருத்துகளை விளக்கும் கையேடுகள். ஓப்பன் நாலெட்ஜ் பவுண்டேஷனின் திறந்த தரவுக் கையேடு, உரிமம், வடிவம், வெளியீட்டு நடைமுறை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீயும் நைஜல் ஷாட்போல்ட்டும் 2012இல் லண்டனில் நிறுவிய ஓப்பன் டேட்டா இன்ஸ்டிட்யூட், அலுவலர்களுக்கும் தொழில்முனைவோருக்கும் உரிய பாடங்களை வழங்குகிறது. 2012இல் வெளிவந்த தரவு இதழியல் கையேடு, செய்தியாளர் எண்களிலிருந்து செய்தியை எவ்வாறு எடுக்கிறார் என்பதை உண்மை நிகழ்வுகளைக் கொண்டு காட்டுகிறது. இவை திறப்பின் நியாயத்தை நன்கு விளக்குவன. ஆனால் இவற்றை மட்டும் படித்தவர் ஒரு கோப்பைத் திறந்ததும் திகைத்து நிற்கக்கூடும்.

இரண்டாம் வகை, கைத்திறனைப் பயிற்றுவிப்பவை. இவற்றில் டேட்டா கார்பென்ட்ரி என்ற பாடத்தொகுதி தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு வேறு எடுத்துக்காட்டுகளைத் தராமல், ஒரே உண்மைத் தரவைத் தொடக்கம் முதல் இறுதிவரை கையாள வைப்பது அதன் முறை. சமூக அறிவியலுக்கான பாடம், தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் உழவர் குடும்பங்களிடம் பாசனம் பற்றி நடத்திய நேர்காணல்களின் தரவை எடுத்துக்கொள்கிறது. கற்பவரிடம் முதலில் தரப்படுவது வேண்டுமென்றே குழப்பி வைத்த விரிதாள். ஒரே தாளில் பல அட்டவணைகள், ஒரே கட்டத்தில் இரண்டு செய்திகள், விடையில்லாத இடத்தில் -999 என்ற எண், நிறத்தால் மட்டும் உணர்த்திய குறிப்பு என அலுவலகங்களில் அன்றாடம் காணும் பிழைகள் எல்லாம் அதில் உள்ளன. விடையின்மையைக் குறிக்க இட்ட அந்த -999ஐக் கவனியாமல் சராசரி எடுத்தால் ஒரு குடும்பத்தின் கால்நடை எண்ணிக்கை எதிர்மறையாகக்கூட வந்துவிடலாம் என்பதைத் தாமே கண்டறிபவர், அதைப் பின்னர் மறப்பதில்லை.

ஓப்பன்ரிஃபைன் என்பது பல்வேறு எழுத்துக்கூட்டலில் பதிவான ஒரே பெயரை இனங்கண்டு ஒன்றாக்க உதவும் கட்டற்ற மென்பொருள். புரோகிராமிங் ஹிஸ்டாரியன் என்ற இதழ், சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகப் பொருட்பட்டியலைக் கொண்டு அதைக் கற்பிக்கிறது. நிலவரைபடத் தரவுக்குக் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளும், திறந்த வரைபடத்தில் பங்களிக்க லேர்ன்ஓஎஸ்எம் என்ற வழிகாட்டியும் உள்ளன. மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில், லிப்ரெஆபிஸ் விரிதாள் போன்ற மென்பொருள்களுக்கான சிறு காணொளிகள் தமிழ் விளக்கத்தோடும் கிடைக்கின்றன. திரையில் செய்வதைப் பார்த்துக்கொண்டே அருகில் தாமும் செய்து பழகும் வகையில் அவை அமைந்தவை. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ், கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய கட்டுரைகளையும் தொடர்களையும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் தமிழிலேயே வழங்கிவருகிறது. ஆங்கிலத் தடையால் நின்றுவிடும் மாணவருக்கு இவ்விரண்டும் நல்ல நுழைவாயில்கள்.

மூன்றாம் வகை, கற்றலும் பங்களிப்பும் ஒன்றாகும் களங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் 2012இல் தொடங்கிய விக்கித்தரவும் இவ்வகையின. விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் பெயரைத் தமிழ் உட்பட எம்மொழியிலும் பதியலாம். பதிந்தவற்றை உரிமைக் கட்டுப்பாடு எதுவுமின்றி யாரும் எடுத்தாளலாம். தம் ஊரின் கோயிலையோ ஏரியையோ அதில் சேர்க்க முயலும் மாணவர், ‘இதற்கு ஆதாரம் என்ன’ என்ற கேள்வியை முதல் நாளிலேயே சந்திக்கிறார். தரவைப் பெறுபவராக மட்டும் இருந்தால் எளிதில் வாய்க்காத பயிற்சி இது. ஸ்கூல் ஆஃப் டேட்டா என்ற அமைப்பு ‘தரவுப் பயணம்’ என்ற பெயரில் உருவாக்கிய குழுப்பயிற்சியும் இங்கு எண்ணத்தக்கது. ஒரு கேள்வியை முன்வைத்து, கதை சொல்பவர், தேடுபவர், பகுப்பாய்வாளர், பொறியாளர், வடிவமைப்பாளர் என வேலையைப் பகிர்ந்துகொண்டு குழு விடை தேடுகிறது.

ஓர் எண்ணை அருகிருந்து பார்த்தல்

இவ்வளங்கள் எதுவும் நேரடியாகக் கற்பித்துவிட முடியாதது, குறிப்பிட்ட ஒரு தரவுத் தொகுப்பின் உள்வரையறை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணையில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7,21,47,030, எழுத்தறிந்தோர் 5,18,37,507. விரிதாளில் பின்னதை முன்னதால் வகுத்தால் 71.85 விழுக்காடு வரும். ஆனால் அதே கணக்கெடுப்பு அறிவித்த எழுத்தறிவு விகிதம் 80.09. கணினி பிழை செய்யவில்லை, எண்களும் சரியானவையே. எழுத்தறிவு ஏழு வயது நிறைந்தோருக்கே கணக்கிடப்படுகிறது என்பதால், அதே அட்டவணையில் வேறொரு நெடுவரிசையில் உள்ள ஆறு வயது வரையிலான குழந்தைகள் 74,23,832 பேரை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, எஞ்சும் 6,47,23,198ஆல் வகுக்க வேண்டும், அப்போது 80.09 கிடைக்கும்.

இந்த வேறுபாடு மாவட்டங்களை ஒப்பிடுகையில் மேலும் தீங்கு செய்யும். குழந்தைகளின் பங்கு மிகுந்த மாவட்டம் தவறான கணக்கில் கூடுதலாகப் பின்தங்கியதாகத் தோன்றும். அதை நம்பி எழுதப்படும் கட்டுரை, பிறப்பு விகிதத்தைக் கல்விக் குறைபாடாகக் காட்டிவிடும். காலத்தால் பின்னோக்கிச் செல்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு: 1981 வரை ஐந்து வயதே அளவுகோலாக இருந்தது, 1991இலிருந்தே ஏழு வயது அளவுகோலானது. ‘எழுத்தறிந்தவர்’ என்பதும் ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் என வரையறுக்கப்பட்டாலும், கணக்கெடுப்பாளர் தேர்வு எதுவும் நடத்துவதில்லை. வீட்டார் சொன்ன விடையே பதிவாகிறது. இச்செய்திகள் அனைத்தும் மேல்தரவு எனப்படும். அதாவது, தரவு எவ்வாறு உருவானது என்பதைப் பற்றிய தரவு. அட்டவணையைத் தரவிறக்குவோரில் பலர் அதனோடு உள்ள விளக்கக் குறிப்பைத் திறப்பதே இல்லை.

எல்லைகளும் பெயர்களும்

நகர்ப்புறம் என்ற சொல்லும் இவ்வாறே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நகர்ப்புற மக்கள் 48.40 விழுக்காடு. சட்டப்படி நகரமாக அறிவிக்கப்பட்ட உள்ளாட்சிப் பகுதிகளும், அறிவிக்கப்படாவிட்டாலும் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்யும் ஊர்களும் இதில் அடங்கும்: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, முதன்மையாக உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல். தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் முதல் வகையைச் சேர்ந்தவை. 2004இல் மாநில அரசு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. 2006இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. அவ்வூர்களில் தெருவோ தொழிலோ மாறவில்லை. ஆவணத்தில் மட்டும் அவை கிராமமாகி மீண்டும் நகரமாயின. 2001, 2011 கணக்கெடுப்புகள் இவ்விடைக்காலத்துக்கு வெளியே அமைந்ததால் அவற்றின் நகர்ப்புற எண்கள் தப்பின. ஆனால் 2005ஆம் ஆண்டின் உள்ளாட்சிப் பட்டியலைக் கணக்கெடுப்பு அட்டவணையோடு பொருத்த முயல்பவருக்கு, இவ்வரலாறு தெரியாவிட்டால், நூற்றுக்கணக்கான ஊர்கள் பொருந்தாமல் நிற்பதன் காரணம் விளங்காது.

மாவட்ட எல்லைகளும் நிலையானவை அல்ல. 2011இல் 32ஆக இருந்த மாவட்டங்கள், 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவையும் 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தபின் 38 ஆயின. இன்றைய வேலூரின் எண்ணை 2011 வேலூரோடு ஒப்பிட்டுச் சரிவு கண்டேன் என்பவர், உண்மையில் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் பிரிந்ததைத்தான் கண்டிருக்கிறார். ஆங்கில எழுத்தில் பதிவாகும் ஊர்ப்பெயர்கள் இன்னொரு சிக்கல். 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்களுக்குத் தமிழ் ஒலிப்பை ஒட்டிய புதிய ஆங்கில எழுத்துக்கூட்டலை அறிவித்த அரசாணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எனவே ஊரைப் பெயரால் பொருத்தாமல் அதற்கு வழங்கப்பட்ட கணக்கெடுப்புக் குறியெண்ணால் பொருத்துவதும், குறியெண் இல்லாத இடத்தில் ஓப்பன்ரிஃபைன் போன்ற கருவி காட்டும் ஒப்புமையைத் தாலுகாவோடு சேர்த்துக் கண்ணால் சரிபார்ப்பதும் நல்ல நடைமுறை.

திறப்பின் எல்லை

அனைத்தையும் திறப்பது திறந்த தரவின் நோக்கம் அன்று. தனிமனிதரை அடையாளம் காட்டும் செய்திகள் அதற்குப் புறம்பானவை. இந்திய அரசின் உரிமமும் தனிநபர் தகவலை வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. ஆனால் அடையாளத்தை நீக்குவது நினைப்பதைவிடக் கடினம். நியூயார்க் நகர டாக்சிகளின் 2013ஆம் ஆண்டுப் பயணப் பதிவுகள் தகவல் கோரிக்கையின் பேரில் 2014இல் வெளிவந்தபோது, வண்டி எண்களுக்குப் பதிலாகக் கணித முறையில் உருமாற்றிய குறியீடுகள் இடப்பட்டிருந்தன. அவ்வெண்களின் அமைப்பு வரம்புக்குட்பட்டது என்பதால், இருக்கக்கூடிய எல்லா எண்களையும் அதே முறையில் உருமாற்றிப் பார்த்த ஒரு பொறியாளர் விரைவிலேயே அனைத்தையும் மீட்டுவிட்டார்.

எங்கே கோடு கிழிப்பது என்பதும் எப்போதும் ஒருமனதாக முடிவதில்லை. வாக்காளர் பட்டியலைத் தேடத்தக்க எழுத்து வடிவில் தர வேண்டும் என்ற கோரிக்கையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பட்டியல் பொது ஆவணமே ஆயினும் அதன் வடிவத்தை முடிவுசெய்வது தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு என்ற நிலை உறுதியானது. போலிப் பதிவுகளைக் கண்டறிய எழுத்து வடிவம் உதவும் என்பது ஒரு தரப்பு. கோடிக்கணக்கானோரின் முகவரியும் வயதும் எளிதில் திரட்டப்படும் என்பது மறுதரப்பு. தரவுக் கல்வி இவ்விரு வாதங்களையும் எடைபோடும் ஆற்றலையும் தர வேண்டும்.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றிலிருந்து கற்பவருக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. ஒரு கேள்வியை முதலில் வகுத்துக்கொள்வதும், அதற்கு விடை தரக்கூடிய ஒரே ஒரு தரவுத் தொகுப்பைத் தேர்வதும், அட்டவணைக்கு முன் அதன் விளக்கக் குறிப்பைப் படிப்பதும், அறிவிக்கப்பட்ட ஓர் எண்ணைத் தாமே கணக்கிட்டு அது பொருந்துகிறதா என்று சோதிப்பதும், பொருந்திய பின்னரே புதிய கணக்குகளுக்குச் செல்வதும் அவ்வரிசை. எழுத்தறிவு விகிதத்தை 80.09 என மீளக் கணக்கிட முடிந்த மாணவர், அந்த அட்டவணையில் வேறெதையும் கணக்கிடும் தகுதியைப் பெரும்பாலும் பெற்றுவிடுகிறார். விரிதாளோ நிரலாக்கமோ இடையில் தேவைப்படும்போது இணையப் பாடங்களை நாடினால் போதும். அவ்வாறு தேவையோடு கற்றது நிலைக்கிறது.

கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் செய்யத்தக்கது வேறு. பொதுக் கையேடுகள் உலகமொழிகளில் நிரம்ப உள்ளன; தமிழ்நாட்டுத் தரவுகளுக்கே உரிய விளக்கக் குறிப்புகள்தாம் தமிழில் அரிதாக இருக்கின்றன. எந்தத் துறை எந்த எண்ணை எவ்வாறு திரட்டுகிறது, அதன் வரையறை எந்த ஆண்டில் மாறியது, எந்த மாவட்டம் எதிலிருந்து பிரிந்தது, எந்த நெடுவரிசையை எதனால் வகுக்க வேண்டும் என்பனவற்றைத் தொகுப்புக்கு ஒன்றாகச் சில பக்கங்களில் எழுதி, படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடும் பணியைப் பொருளியல், புவியியல், தமிழ்த் துறைகள் சேர்ந்து முதுநிலை மாணவரின் ஆய்வேடாகவே மேற்கொள்ளலாம். பெருநிதியோ புதிய மென்பொருளோ இதற்குத் தேவையில்லை; துறை அலுவலரிடம் கேட்டறியும் பொறுமையும், கேட்டதைச் சரிபார்த்து எழுதும் நேர்மையும் போதும். அத்தகைய ஐம்பது குறிப்புகள் உருவானால், இன்று ஆங்கிலம் அறிந்த சிலருக்கே பயன்படும் பொதுத் தரவு, ஊராட்சி உறுப்பினரும் பள்ளி ஆசிரியரும் உள்ளூர்ச் செய்தியாளரும் தம் ஊரைப் பற்றிய எண்ணைத் தாமே கணக்கிட்டு, அலுவலகம் சொல்வதோடு ஒப்பிட்டுக் கேள்வி எழுப்பும் கருவியாகும். பொதுப்பணத்தில் திரட்டிய தரவு பொதுமக்களுக்கு உரியது என்ற கொள்கை அப்போதுதான் நடைமுறையாகும்.